பூநாரை பார்த்த கதை

சென்னையிலிருந்து பழவேற்காடு 60 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் கடைசி ஆளை ஏற்றும்போது எட்டேகால், அப்புறம் பொன்னேரியில் டிபன் என்று ஒரு மணி நேரம். ஏரிக்கரையில் இறங்கினால் மண்டையைப் பிளக்கிற வெயில். பூநாரை எங்கே என்று கேட்டால், வழிகாட்டி தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிவதைக் காட்டி, “அதுதான் சார்” என்கிறார். 18 பேருக்கு ஒரே பைனாகுலர்! என் கைக்கு வரும்போது கண்ணாடி முழுக்க யாரோ பூசியிருந்த சன்ஸ்கிரீன், துடைக்கத் துடைக்கப் பரவுகிறது.

சரி, டச்சுக் கல்லறையாவது பார்ப்போம் என்றால் (வாசலில் எலும்புக்கூடு சிற்பம், நான் வந்ததே பாதி அதற்குத்தான்) 10 நிமிடம் முடிவதற்குள் விசில். கருவாட்டுக் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். ஏசி வேனில், மூடிய ஜன்னலோடு, அத்தனை கருவாட்டுடன் திரும்பி வந்தோம்.