குரூப் 4 தமிழ்ப் பகுதி வெறும் தகுதிக்கு மட்டுமா?

தம்பி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வைப் பற்றி, 'குரூப் 4-ல் தமிழ்ப் பகுதி சும்மா தகுதிக்குத்தான், 60 எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது, பொது அறிவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி, பாதி ஆளையே கவிழ்த்துவிடும்.

அந்த 60 உண்மைதான். தமிழில் 100 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 150. அதில் 40 விழுக்காடு, அதாவது 60 வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆனால் 60-ஐத் தாண்டியதும் தமிழ் மதிப்பெண் காணாமல் போவதில்லை. முழுசாக மொத்தக் கணக்கில் சேர்கிறது. மொத்தமே 300 என்பதால் பாதி அங்கேதான் கிடக்கிறது. நேர்முகத் தேர்வும் கிடையாது. இந்த ஒரே தாள்தான் எல்லாம்.

நீங்கள் குழப்பிக்கொண்டது குரூப் 2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித் தாளோடு என்று நினைக்கிறேன். அங்கேதான் தேறினால் போதும், தரவரிசைக்குச் சேராது.

கும்பகோணத்தில் எங்களோடு நூலகத்தில் படித்த ஒரு பையனும் இப்படித்தான் நம்பினான். குறுவை அறுப்பு முடிந்த கையோடு புத்தகத்தை எடுத்தவன், தமிழைத் தொடவே இல்லை. தமிழில் 80 சொச்சத்தோடு நின்றுவிட்டான். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை, ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை, அட்டை கிழியப் படித்த பெண்கள் 140-ஐ ஒட்டி வாங்கினார்கள். அந்த இடைவெளியைப் பொது அறிவில் ஈடுகட்டக் கிட்டத்தட்ட 40 கேள்வி கூடுதலாகப் போட வேண்டும். அப்புறம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான்.