காவலர்களைச் சிறைக்கு அனுப்பியது நாப் ஆணையமா?

“நியூயார்க்கில் சூதாட்டக்காரர்களிடம் லஞ்சம் வாங்கிய போலீஸ்காரர்களுக்கு நாப் ஆணையமே சிறைத்தண்டனை கொடுத்தது” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு. நாப் ஆணையம் என்பது நியூயார்க் போலீஸ் ஊழலை விசாரிக்க 1970-இல் அமைக்கப்பட்ட குழு. தண்டனை கொடுக்க மட்டுமல்ல, வழக்குத் தொடரக்கூட அதற்கு அதிகாரம் இருக்கவில்லை.

ஊழல் நடந்தது உண்மைதான். காவலர் ஃபிராங்க் செர்பிகோவும் அதிகாரி டேவிட் டர்க்கும் மேலிடத்தில் முறையிட்டுப் பலன் இல்லாமல் போனபின், 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை வெளியிட்டது. அப்புறம்தான் மேயர் லிண்ட்சே இந்த ஆணையத்தை அமைத்தார். சட்டவிரோதச் சூதாட்ட இடங்களிலிருந்து சாதாரண உடைப் போலீசாருக்கு மாதாமாதம் மாமூல் போனதை அதன் அறிக்கை விவரமாகச் சொல்கிறது: ஒருவர் பங்கு மிட்டவுன் மன்ஹாட்டனில் 300, 400 டாலர், ஹார்லெமில் 1,500 டாலர் வரை. ஒருவர் இருவர் வழிதவறியதல்ல, பங்கு பிரித்து நடத்திய ஏற்பாடு அது. அந்த அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஆணையத்தால் சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களைக் கேட்டு வாங்கவும், வெளிப்படையாக விசாரிக்கவும் முடிந்தது. குற்றம் சாட்டுவது அரசு வழக்கறிஞர்களின் வேலை, தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. போலீஸ் ஊழலுக்கென்று தனி வழக்கறிஞர் வேண்டும் என்று ஆணையமே பரிந்துரைத்தது. 1972-இல் ஆளுநர் ராக்கஃபெல்லர் மாரிஸ் நட்ஜாரியை அந்தப் பொறுப்பில் அமர்த்தினார். ஆணையமே தண்டித்திருக்க முடியுமென்றால் இந்தப் பதவிக்கே தேவை இருந்திருக்காது.