மே, மேஏ, மியெ

போன வாரம் ஊரிலிருந்து நண்பர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஃபின்லாந்துக்காரன் ட்ராப் பாடினா அது அமெரிக்கா காப்பிதானே? அதுல அப்படி என்ன இருக்குன்னு கேக்கறே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஹெல்சிங்கிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, தினமும் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன்.

ட்ராப் என்பது ராப் பாட்டில் ஒரு வகை. அதன் தாளம் அமெரிக்காவுடையதுதான், அதை மறுக்கவில்லை. அட்லாண்டாவில் போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு 'ட்ராப்' என்று பேர். 2003-ல் டி.ஐ. என்ற ராப்பர் தன் ஆல்பத்துக்கே அந்தப் பேரை வைத்தார். அடிவயிறு அதிரும் அந்த பேஸ், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் செய்த 808 என்ற டிரம் மெஷினின் சத்தம். சரி, இதெல்லாம் இரவல். ஆனால் அதன்மேல் வந்து உட்காரும் பேச்சு இரவல் இல்லை.

ஃபின்னிஷ் வகுப்பில் முதல் நாள் 'நான்' என்பதற்கு 'மினே' என்று சொல்லிக்கொடுத்தார்கள். தெருவில் இறங்கினால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஹெல்சிங்கியில் 'மே'. தம்பெரேயிலும் துர்குவிலும் அதையே இழுத்து 'மேஏ'. வடக்கே லாப்லாந்திலும் தென்கிழக்கு ஓரத்திலும் 'மியெ'. ஒருவர் வாயைத் திறந்து 'நான்' என்றதுமே ஏறக்குறைய எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். எழுத்து மொழி வேறு, பேச்சு மொழி வேறு என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ராப்பில் எல்லாமே 'நான்' என்றுதான் தொடங்குகிறது. அதனால் பாட்டின் முதல் வரியிலேயே ஊர் தெரிந்துவிடுகிறது.

ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் சொதன்கூலாவிலிருந்து வந்த ராப்பர் ஸ்தெபா அந்த 'மியெ'யை விடாமல் பாடுகிறார். முதலில் கேட்டபோது எனக்குப் புரிந்தது பாதிதான். கூட வேலை பார்க்கும் வடக்கத்திப் பெண்ணிடம் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வரியில் முகம் மாறிவிட்டது. "எங்க பாட்டி பேசற மாதிரி இருக்கு" என்றார். ஹெல்சிங்கிக்கு வந்தபின் அவர் 'மே'க்கு மாறியவர். அன்று சாயங்காலம் வரை எங்களிடமெல்லாம் 'மியெ' என்றே பேசினார்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. துலி என்றால் நெருப்பு. தூலி என்றால் காற்று. துல்லி என்றால் சுங்கம். குறில், நெடில், இரட்டித்த ஒற்று. நம்முடைய படு, பாடு, பட்டு மாதிரியே. ட்ராப்பில் ஒரு தட்டுக்கு மூன்று அசை வைத்து வேகமாக ஓட்டும் ஒரு பாணி உண்டு. ஆங்கிலத்தில் தாளத்துக்காக ஓர் அசையைக் கொஞ்சம் இழுத்தாலும் சொல் அதே சொல்தான். ஃபின்னிஷில் இழுத்தால் நெருப்பு காற்றாகிவிடும். ஆகவே தாளம்தான் சொல்லுக்கு வழிவிட வேண்டும். இரட்டை மெய் வரும் இடத்தில் நாக்கு ஒரு கணம் நிற்கும், ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டின் சத்தம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளிதான் ஃபின்னிஷ் ட்ராப். அட்லாண்டாவில் அது கிடைக்காது. காப்பி என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு கணத்தை மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்.

'வட்டாரம்' என்றதும் இங்கேயும் பலர் லாப்லாந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கிழக்கு ஹெல்சிங்கியில் கொந்துலா என்று ஒரு பகுதி, 1960-களில் எழுந்த அடுக்குமாடி வரிசைகள். 1986-ல் மெட்ரோ வந்தது. நொத்கெயா ரொத்தா என்ற ராப் குழு 2006-லேயே அந்த ஊர்ப் பேரை ஆல்பத் தலைப்பில் வைத்தது. இன்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் 'மே'யையும், கடவுள்மேல் சத்தியம் என்ற அரபிச் சொல்லான 'வல்லா'வையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். சோமாலியும் அரபியும் ஃபின்னிஷும் ஒரே பள்ளி வராந்தாவில் கலந்த பேச்சு அது. அதைக் 'கெட்டுப்போன ஃபின்னிஷ்' என்று சலித்துக்கொள்பவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

அவர்களே 'ஸ்தாதி' வழக்கு என்றால் உருகுவார்கள். பழைய ஹெல்சிங்கித் தெருப்பேச்சு அது. நீளப்பாலத்துக்கு வடக்கே தொழிலாளர் குடியிருப்புகளில், நூறு வருடத்துக்கும் முன்னால், ஃபின்னிஷ் பேசியவர்களும் ஸ்வீடிஷ் பேசியவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தபோது பிறந்தது. ஸ்தாதி என்ற சொல்லே ஸ்வீடிஷ். சாப்பாட்டைச் சொல்லும் 'சஃப்கா' ரஷ்யனிலிருந்து வந்தது. அன்று கலந்தது பாரம்பரியம், இன்று கலப்பது கேடு என்றால் எப்படி? கொந்துலாப் பேச்சும் வட்டார வழக்குதான். லாப்லாந்தின் 'மியெ'க்கு இருக்கும் அதே உரிமை அதற்கும் இருக்கிறது.

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் எலொவெனா ஓட்ஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். அதன்மேல் பொன்னிற முடியோடு, பாரம்பரிய உடையில், கதிர்க்கட்டு ஏந்திய ஒரு பெண். 'ஃபின்லாந்துப் பெண்' என்றால் பலர் மனதிலும் வருவது அந்த முகம்தான். கானா வேர்கள் கொண்ட ஹெல்சிங்கிப் பெண் ராப்பர் யெபோயா, 2020-ல் தன் இசைத்தொகுப்புக்கு எலொவெனா என்ற பேரையே வைத்தார். அதற்கப்புறம் காலையில் கஞ்சி வைக்கப் பொட்டலத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படத்தில் இரண்டு பெண்கள் தெரிகிறார்கள்.

நண்பருக்கு இன்று ராத்திரி மூன்று பாட்டு அனுப்பப்போகிறேன். ஒன்றில் 'மே', ஒன்றில் 'மியெ', மூன்றாவதில் 'வல்லா'. பாடியவர் பேர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, எது வடக்கு, எது கொந்துலா என்று அவரே சொல்லட்டும்.