உயரம் இருந்தால் டிஃபென்ஸ் வந்துவிடுமா?

நாகர்கோவில் பக்கம் பாஸ்கெட்பால் பார்க்கிறவர்கள் வாயில் இப்போது ஒரே பையன்தான். ஆறரை அடி உயரம், மீசை கூட சரியாக முளைக்கவில்லை. எதிராளி கூடைக்கு அருகில் ஓடி வந்து போடும் லே-அப்பை அடித்துக் கோர்ட்டுக்கு வெளியே அனுப்பினால் போதும், "நம்ம ஊரு வெம்பன்யாமா" (அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆடும் நெட்டை பிரெஞ்சு வீரர்) என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிடும்.

எனக்கும் பையனைப் பிடிக்கும். ஆனால் பிளாக்கை, அதாவது எதிராளி எறிகிற பந்தைத் தட்டிவிடுவதை, எண்ணி ஒருத்தனை நல்ல டிஃபென்டர் என்று முடிவு கட்டுவது சரியாகப் படவில்லை. என்.பி.ஏ.வின் பழைய ஜாம்பவான் பில் ரஸ்ஸல் 13 சீசனில் 11 பட்டம் வென்றவர். ஓய்வு பெற்றது 1969-ல். என்.பி.ஏ. பிளாக்கைக் கணக்கில் எடுத்ததே 1973-74 சீசனிலிருந்துதான். ஆக அதிகாரபூர்வக் கணக்குப்படி அவருக்கு ஒரு பிளாக்கும் கிடையாது! அவர் பந்தைத் தன் ஆள் கைக்குப் போகிற மாதிரி தட்டிவிடுவார். நம்ம பையன் வெளியே அடிக்கிற பந்து எதிரணிக்கே திரும்பப் போகிறது. கைதட்டல் நமக்கு, பந்து அவர்களுக்கு.

போன மேட்சில் அவன் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் கார்டு, தன் கூட்டாளி வழி மறித்து நிற்கும் ஸ்கிரீனைச் சுற்றி வந்தபோது இவன் கூடைக்குக் கீழேயே நின்றான். கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நின்று நிதானமாகப் போட்டுவிட்டுப் போனான். அடுத்த தடவை வெளியே வந்தான், ஆனால் முட்டி மடங்கவில்லை, இடுப்பு இறங்கவில்லை. எறிவது போல ஒரு ஃபேக்தான், இவன் சாடிக் குதித்துவிட்டான். பவுல். "சாடாத மக்கா, கைய மட்டும் தூக்குலே!" என்று பெஞ்சிலிருந்து கோச் கத்தியும் பலன் இல்லை. மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் நான்கு பவுல். ஐந்தாவது விழுந்தால் வெளியே என்பதால் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருக்கிறவன் எதைத் தடுப்பான்?

இதில் நம் விதியும் அவனுக்குச் சாதகம். என்.பி.ஏ.வில் 2001-02 முதல் டிஃபென்டர் யாரையும் மார்க் செய்யாமல் பெயிண்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள கட்டம்) மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. இங்கே விளையாடும் ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதியில் அந்தத் தடை இல்லை. நெட்டையாக ஒருவன் கூடைக்கடியில் நின்றாலே டிஃபென்ஸ் போலத் தெரியும். வெம்பன்யாமா முதல் சீசனில் மேட்சுக்கு சராசரி 3.6 பிளாக் போட்டார், சீசனின் சிறந்த டிஃபென்டர்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-டிஃபென்சிவ் முதல் அணியில் இடம் பிடித்த முதல் புதுமுகமும் அவர்தான். ஆனால் அவரைப் பார்த்ததும் கூடையை நோக்கிப் பாய்கிற டிரைவைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் போகிற கார்டுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நம்ம பையனிடம் எனக்குப் பிடித்தது வேறு. வாயை மூட மாட்டான். "ஸ்கிரீன் லெஃப்ட்" என்று முதலில் கத்துவது அவன்தான். கூடையில் விழாமல் திரும்பி வரும் ரீபவுண்டுக்குத் தன் எதிராளியை முதுகால் தள்ளி நிறுத்திவிட்டு, பந்தைக் கூட இருக்கிற குட்டைப் பையன் எடுக்க விடுகிறான். இந்த வயதில் அது லேசில் வராது. காலைப் பழக்கிவிடலாம். ஆனால் ஸ்கூல் டோர்னமென்ட் கப்புக்காக அவனைக் கூடைக்கடியிலேயே நட்டு வைத்தால் எப்போது பழகுவான்?

அடுத்த செலக்‌ஷனில் வேகமான இரண்டு கார்டுகளை மாற்றி மாற்றி அவன் மேல் விட்டு, வெளியே இழுத்துப் பத்து நிமிஷம் ஆடவிட்டுப் பாருங்கள். வீடியோ போடுகிற தம்பிமாரே, அந்த நான்கு பவுலையும் சேர்த்தே போடுங்கள்.