ஸ்வீடன் சட்டம் யாரைத் தண்டிக்கிறது?

‘ஸ்வீடனில் பெண்ணியவாதிகள் கேட்டு வாங்கிய சட்டம், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களையே சிறைக்கு அனுப்புகிறது’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: சட்டம் இருப்பது நேர்மாறாக. 1999 ஜனவரி 1 முதல் அங்கே காசு கொடுத்துப் பாலுறவை வாங்குவதுதான் குற்றம், விற்பது குற்றமல்ல. விற்கும் நிலையில் இருப்பவர் சுரண்டப்படுகிறவர், அவரைத் தண்டிப்பது அநியாயம் என்பதுதான் அதற்காகப் போராடிய பெண்கள் அமைப்புகளின் வாதமே.

சரிபார்ப்பது சுலபம். ஸ்வீடன் அரசின் இணையதளத்தில் குற்றவியல் சட்டத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆறாம் அத்தியாயம், 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பணம் கொடுத்துப் பெறுபவர் மேல்தான் குற்றம். விற்பவருக்கு அதில் தண்டனை எதுவும் கிடையாது. அப்புறம் பிரான்ஸ். 2016 ஏப்ரலில் வாங்குவதைத் தண்டனைக்குரியதாக்கிய அதே சட்டம், தெருவில் நின்று வாடிக்கையாளரை அழைத்ததாகப் பெண்கள் மேல் வழக்குப் போட உதவிய பழைய பிரிவை நீக்கியும் விட்டது.

இந்த அணுகுமுறையை எதிர்க்கும் பெண்ணியவாதிகளும் உண்டு. வாங்குபவர்கள் போலீசுக்குப் பயந்து ஒதுக்குப்புறத்துக்குப் போவதால் பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது, குடியிருக்க வீடு கிடைப்பதும் கஷ்டமாகிறது என்பது அவர்கள் கவலை. நிச்சயம் பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் அது வேறு விவாதம். பதிவிட்டவர் ‘பெண்களையே சிறைக்கு’ என்ற அந்த வரியை மட்டும் திருத்திவிட்டால் நல்லது.