மும்பைப் பல்கலைக்கழகமும் 'கரஸ்' பட்டமும்

எங்கள் தெருப் பையன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நேற்று இரவு என்னிடம், "அண்ணாச்சி, கரஸ்ல, அதான் அஞ்சல்வழியில, பி.காம். சேரலாம்னு இருக்கேன், அதுக்கு மதிப்பு இருக்கா?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர், "காலேஜ் வாசலை மிதிக்காம வாங்குறதெல்லாம் ஒரு பட்டமா?" என்று முந்திக்கொண்டார். தாராவியில் முப்பது ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். இங்குள்ள மும்பைப் பல்கலைக்கழகம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் உட் 1854-இல் அனுப்பிய கல்வி அறிக்கையின் விளைவாக 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. பம்பாயின் நாள் ஜூலை 18. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு வைப்பதும், பட்டம் கொடுப்பதும் மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. அதாவது இன்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டைப் பகுதிக் கட்டடங்கள் இடம்பெற்றிருக்கும் அந்தப் பெருமைமிகு நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் வகுப்பறை கிடையாது, பேராசிரியர் கிடையாது, சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. டவுன் ஹாலில் ஒண்டுக்குடித்தனம்தான். பின்னாளில் நீதிபதியான மகாதேவ் கோவிந்த ராணடேயும் சமஸ்கிருத அறிஞரான ராமகிருஷ்ண பண்டார்க்கரும் 1862-இல் பெற்ற முதல் பி.ஏ. பட்டங்கள் அந்த நிலையில் வழங்கப்பட்டவை. அவர்கள் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்தவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவர்களுக்குப் பாடம் சொன்னது கல்லூரி, பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், இரண்டும் வேறு வேறு.

ஓவல் மைதானத்தை ஒட்டிய பல்கலைக்கழகக் கட்டடங்கள் பின்னால் வந்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி போவது தடைபட்டபோது, அந்தத் தேவைக்கு இந்தியப் பருத்தியை விற்ற பம்பாயில் பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் நடந்த பருத்தி, பங்குச் சூதாட்டத்தின் மன்னரான பிரேம்சந்த் ராய்சந்த் நூலகத்துக்கு இரண்டு லட்சமும், தம் தாயார் ராஜாபாயின் பெயரில் மணிக்கூண்டு கட்ட இரண்டு லட்சமும் கொடுத்தார். 1865-இல் போர் முடிந்து பருத்தி விலை சரிந்தபோது அவரும் சேர்ந்து சரிந்தார். மணிக்கூண்டு மட்டும் 280 அடிக்கு உயர்ந்து 1878-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வரைந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்த ஊருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. வகுப்புக்கே வராமல் தேர்ச்சி பெற்ற முதல் 'கரஸ்' ஆள் அவர்தான் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு.

பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தத் தொடங்கியதும் நல்ல துறைகள் அமைந்தன. 1919-இல் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் தலைமையில் சமூகவியல் வந்தது. 1933-இல் வேதித் தொழில்நுட்பத் துறை வந்தது. இந்த இரண்டாவது துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன், சாயங்களின் வேதியியலில் உலகறிந்தவர். மாட்டுங்காவில் இருக்கும் அந்தத் துறை 2008-இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்துவிட்டது. மாட்டுங்கா தமிழர்கள் அதன் வாசலைத் தினமும் கடந்து காய்கறி வாங்கப் போகிறார்கள். வெங்கட்ராமனை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்க ஆசை.

ஆனால் என் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது அந்தத் துறைகள் அல்ல, பழைய தேர்வு முறைதான். பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், யார் எந்த நேரத்தில் எங்கே படித்தாலும் சரி என்ற ஏற்பாடு இருந்ததால்தான் அம்பேத்கர் 1946-இல் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்காக விடியற்காலை வகுப்புகள் நடத்த முடிந்தது. 1971-இல் அஞ்சல்வழிக் கல்வி வந்ததும் அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. எனக்குப் பாடப் புத்தகக் கட்டு தபாலில் வரும். நான் இருந்த சாலுக்குள் (வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு) வீட்டு எண் குழப்பம் என்பதால் தபால்காரர் அதை முனையிலிருந்த வெற்றிலைபாக்குக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். பிரித்தால் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். கோட்டைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் தேர்வு எழுதியபோது கால்மணிக்கு ஒருமுறை ராஜாபாய் மணி ஒலித்தது. கணக்குப்பதிவியல் தாளில் ஐந்தொகை சரியாக வராமல் திணறிய எனக்கு அந்த ஒலி இனிமையாக இருக்கவில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால் 'கரஸ்' பட்டத்தை அல்ல, தேர்வு நடத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். 2017-இல் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறையை அவசரமாகக் கொண்டுவந்து, முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாகி, துணைவேந்தர் பதவி நீக்கப்படும் அளவுக்குப் போனது. எந்த ஒரு வேலைக்காக 1857-இல் பிறந்ததோ, அந்த வேலையில் தவறியதுதான் என்னால் மன்னிக்க முடியாதது.

பையனிடம் சேரச் சொல்லிவிட்டேன். அவனுடைய மதிப்பெண் சான்றிதழில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள், ஆதார் அட்டையில் அதே பெயர் நடுவில் இருக்கிறது. தமிழர்களுக்கு இங்கே வழக்கமாக வரும் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.