19 வயதுப் பையன்தான் கிடைத்தானா?

நேற்று முழுக்கச் சுற்றிய அந்தப் பட்டியலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு உலகின் மகா முட்டாள்கள் பத்துப் பேராம். முதலிடம் ஃப்ரெட் மெர்க்கிள் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரருக்கு. போட்டவர் நமக்கு வேண்டிய அண்ணன்தான், அதனால் மரியாதையாகவே பேசுகிறேன். கீழே நாற்பது பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸாவது உட்கார்ந்து பார்த்தவர்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் சண்டை வரும்.

நடந்தது இதுதான். 1908 செப்டம்பர் 23, நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். நியூயார்க் ஜெயன்ட்ஸ், சிகாகோ கப்ஸ் இரண்டு அணியும் 1-1. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி. ஜெயன்ட்ஸில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸ் முடியும். பேஸ் என்பது ஓடிச் சேர வேண்டிய இடம், நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். வழக்கமாக முதல் பேஸில் நிற்கும் டென்னிக்கு முதுகுவலி என்பதால், அந்த சீசனில் முதல் முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இறக்கப்பட்ட பையன் மெர்க்கிள். வயது 19. அவன் அடித்த அடியில்தான் சக ஆட்டக்காரர் மெக்கார்மிக் மூன்றாவது பேஸுக்கே போய்ச் சேர்ந்தார். பட்டியலில் இந்த வரி இருந்ததா? இருக்காது.

அடுத்து வந்த பிரிட்வெல் அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்துவிட்டார், ஜெயித்தாயிற்று என்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதல் பேஸிலிருந்து கிளம்பிய மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமல் பாதி வழியிலேயே திரும்பி உடைமாற்றும் அறைப் பக்கம் ஓடிவிட்டான். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தை எப்படியோ வாங்கி இரண்டாவது பேஸை மிதித்தார். விதிப்படி மெர்க்கிள் அந்த பேஸைத் தொட்டே ஆக வேண்டும், அதற்குள் எதிரணி பந்தோடு அதை மிதித்தால் அவன் அவுட், அது மூன்றாவது அவுட் என்பதால் ரன்னும் போய்விடும். அது அதே பந்துதானா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். அம்பயர் ஹாங்க் ஓ'டே, மெர்க்கிள் அவுட், ரன் செல்லாது என்று சொல்லிவிட்டார். மைதானம் நிறையக் கூட்டம், வெளிச்சமும் போய்விட்டது. ஆட்டம் சமன்.

"விதி விதிதானே" என்று ஒருவர் வருவார், தெரியும். ஐயா, செப்டம்பர் 4-ஆம் தேதி பிட்ஸ்பர்கில் கில் என்ற ஆட்டக்காரர் இதையேதான் செய்தார். அன்றும் எவர்ஸ் கத்தினார். அன்றும் அம்பயர் இதே ஓ'டேதான். ரன் செல்லும் என்று விட்டுவிட்டார், கப்ஸ் 1-0 என்று தோற்றது. ஜெயிக்கும் ரன் வந்துவிட்டால் கிளம்பிவிடுவதுதான் அன்றைய வழக்கம். 19 நாளில் விதி முழித்துக்கொண்டது, அதுவும் ஒரு பையன் தலையில். தொட்டிருக்கலாமே என்றால், சரி, தொட்டிருக்கலாம். அப்புறம்?

அப்புறம் நடந்ததை யாரும் பேசுவதில்லை. அந்த ஆட்டம் முடிந்தும் சீசனில் இரண்டு வாரம் பாக்கி. ஹாரி கோவலெஸ்கி என்று பிலடெல்பியா அணியின் புதுப் பிட்சர் (பந்து வீசுபவர்), ஐந்தே நாளில் ஜெயன்ட்ஸை மூன்று முறை தோற்கடித்தார். மூன்று முறை! அதில் ஒன்றை ஜெயித்திருந்தால் மெர்க்கிள் பேரே யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் இரண்டு அணியும் சமமாக நின்று, அக்டோபர் 8 அன்று மறு ஆட்டம். கப்ஸின் டிங்கர் அடித்த பந்து சென்டர் ஃபீல்டில் நின்ற ஜெயன்ட்ஸின் சீமோரின் தலைக்கு மேலே பறந்தது, அந்த இன்னிங்ஸிலேயே கப்ஸுக்கு நான்கு ரன். சீமோர் 35 வயது, பழம் தின்று கொட்டை போட்டவர். அவரை முட்டாள் என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கப்ஸ் பக்கம் முதல் இன்னிங்ஸிலேயே பந்து வீச உள்ளே வந்த மோர்டெகாய் பிரவுன், சின்ன வயதில் பண்ணை இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர், அற்புதமாகப் போட்டார். 4-2. கப்ஸ் 99 வெற்றி, ஜெயன்ட்ஸ் 98, பிட்ஸ்பர்க் 98. ஜெயன்ட்ஸின் 56 தோல்வியில் ஒன்றுகூட மெர்க்கிளுடையது இல்லை, அது சமனான ஆட்டம். ஆனாலும் மரமண்டை என்ற பட்டம் அவனுக்குத்தான்.

"நூறு வருஷத்துக்கு முந்தைய கதைக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம். எனக்கு 19 வயதில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவை எண்ணாமலே சீட்டில் கையெழுத்துப் போடுவது அங்கே பழக்கம். பெரியவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் போட்டார்கள், நானும் போட்டேன். அன்றைக்கு 2,300 ரூபாய் குறைந்தது. பணம் இரண்டு நாள் கழித்து வேறொரு மேஜை டிராயரில் கிடைத்தது. ஆனால் 'கையெழுத்துப் புலி' என்ற பேர் போகவில்லை. போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய ஆள் ஒருவர், என் மகள் பக்கத்தில் இருக்கும்போதே, "என்ன புலி, அப்பளத்தை எண்ணிப் பார்த்தியா?" என்றார். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மெர்க்கிள் மட்டும் என்ன செய்திருப்பான்? ஜெயன்ட்ஸ் மேனேஜர் மெக்ரா கைவிடவில்லை, அதனால் 1916 வரை அங்கேயே ஆடினான். அப்புறம் கப்ஸுக்கே ஆடினான், அதுவும் வேடிக்கைதான். போலோ கிரவுண்ட்ஸில் பழைய ஆட்டக்காரர்கள் கூடிய நாளில் அவரைக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள், 1950-இல். அதற்குள் 42 வருடம் போய்விட்டது.

அண்ணே, உங்கள் பட்டியலில் சீமோர் எத்தனையாவது இடம்?